எண்ணினால் இருக்கிறது, தேடினால் இல்லை: ஒரு தரவுத்தளப் பதிப்பு உயர்வின் நிகழ்வு ஆய்வு

பதிப்பை உயர்த்தி முடித்த இரண்டாம் நாள் காலை, கிடங்கிலிருந்து ஒரு போன் வந்தது. "20-417 நம்பர் பாகத்தைத் தேடினா இல்லைன்னு வருது. ஆனா பொருள் என் கையிலதான் இருக்கு." அடுத்த அரை மணி நேரத்தில் அதேபோல இன்னும் பல அழைப்புகள்.

மாலைக்குள் காரணம் தெரிந்தது, இரவில் சரிசெய்தோம். ஒரு பதிவுகூட அழியவில்லை. ஆனால் நடுவில் ஒரு கட்டத்தில், நல்ல நிலையில் இருந்த தரவை நாங்களே தூக்கி எறியும் முடிவுக்கு மிக அருகில் போய்விட்டோம். இதே நிலையில் இன்னொருவர் மாட்டிக்கொண்டால் அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முன்பு இருந்ததும் மாற்றியதும்

மென்பொருள் எளிமையானதுதான். உதிரிபாகங்களின் பட்டியல், இருப்பு, ஆர்டர்கள். பழைய சர்வரில் டெபியன் 9 என்ற லினக்ஸ் இயங்குதளம், அதில் போஸ்ட்கிரெஸ் 9.6 என்ற தரவுத்தள மென்பொருள். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2021 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத தரவுத்தளத்தை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் புதிய சர்வரில் டெபியன் 11, போஸ்ட்கிரெஸ் 13 என்று முடிவானது.

தரவின் அளவு பெரிது. டம்ப் எடுத்து (தரவு முழுவதையும் தனிக் கோப்பாக எழுதி) மறுபடி ஏற்றினால் ஒரு இரவு போதாது. அதனால் பழைய சர்வரில் தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, டேட்டா டைரக்டரியை அப்படியே புதிய சர்வருக்கு நகலெடுத்தோம். அங்கே 9.6-இன் நிரல்களையும் நிறுவி, பதிப்பை உயர்த்தும் பிஜி_அப்கிரேட் கருவியை லிங்க் முறையில் ஓட்டினோம். இந்த முறையில் டேபிள்களின் அமைப்பு மட்டும்தான் புதிதாக எழுதப்படும். டேபிள் கோப்புகளும், பதிவுகளை வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்களான இண்டெக்ஸ்களின் கோப்புகளும் பழையவை அப்படியே வரும். வேகத்துக்குக் காரணமும் அதுதான், பின்னால் வந்த வினைக்குக் காரணமும் அதுதான்.

கருவி ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் முடித்தது. ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை பதிவுகள் என்று முன்பே எண்ணி வைத்திருந்தோம், பின்பும் எண்ணினோம். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனது. புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்க அனலைஸ் ஓட்டினோம், பயன்பாட்டைத் திறந்துவிட்டோம்.

முதல் சில மணி நேரம்

காணோம் என்ற புகார் வந்ததும் எல்லோரும் போகும் வழியில்தான் நாங்களும் போனோம். முதலில், பயன்பாடு சரியான தரவுத்தளத்தோடுதான் பேசுகிறதா? டெபியனில் ஒரே சர்வரில் இரண்டு பதிப்புகள் இருந்தால் ஒன்று 5432 போர்ட்டிலும் மற்றது 5433-இலும் இருப்பது வழக்கம். தவறான கதவைத் தட்டி, "வீடு காலி" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். எங்களுக்கு அது சரியாக இருந்தது. அடுத்து ஸ்கீமா (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) தேடல் பாதை: ஒரே பெயரில் இரண்டு ஸ்கீமாக்களில் டேபிள் இருந்தால், பாதை மாறும்போது வெற்று டேபிள் கண்ணில் படும். அதுவும் இல்லை. அனுமதிகள், பதிவு மட்டத்திலான பாதுகாப்பு விதிகள் இரண்டையும் பார்த்தோம். எதுவும் மாறவில்லை.

இதற்குள் மணி பதினொன்று. "பழைய சர்வர் அப்படியே இருக்கிறதே, திரும்பிப் போய்விடலாம்" என்ற பேச்சு எழுந்தது. அது நியாயமான பேச்சுதான். பழைய சர்வரின் வட்டைத் தொடவே இல்லை, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். ஆனால் இரண்டு நாளில் புதிய சர்வரில் பதிவான ஆர்டர்களும் இருப்பு மாற்றங்களும் என்னாவது? அவற்றைக் கையால் மறுபடி ஏற்ற வேண்டும். எதைத் தொலைத்தோம் என்றே தெரியாமல், தெரிந்த இரண்டு நாள் வேலையைத் தொலைக்க வேண்டுமா என்று கேட்டு, மதியம் வரை அவகாசம் வாங்கினேன்.

திருப்பத்தைத் தந்தவர் கிடங்கு ஊழியர். மறுபடி அழைத்தார். "முழு நம்பர் அடிச்சா வரலை. வெறும் 417னு பாதி அடிச்சா பட்டியல்ல வருது. அதைத் தொட்டா பாகம் திறக்குது, எல்லாம் சரியாதான் இருக்கு."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. பதிவு இருக்கிறது. ஒரு வழியில் போனால் கிடைக்கிறது, இன்னொரு வழியில் போனால் கிடைக்கவில்லை. அப்படியென்றால் கேள்வி தரவைப் பற்றியது அல்ல, வழியைப் பற்றியது.

இரண்டு வழிகள்

முழுக் குறியீட்டால் தேடும்போது போஸ்ட்கிரெஸ் குறியீட்டு நெடுவரிசையின் பி-ட்ரீ இண்டெக்ஸில் (வரிசைப்படி கிளைகளாக அடுக்கிய பட்டியலில்) இறங்கித் தேடும். நடுவிலோ கடைசியிலோ இருக்கும் எழுத்துகளால் தேடினால் அந்த இண்டெக்ஸ் உதவாது. டேபிளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாக வேண்டும், அதுதான் சீக்வென்ஷியல் ஸ்கேன்.

இதை நிரூபிப்பது எளிது. ஒரு இணைப்பில் மட்டும் எனேபிள்_இண்டெக்ஸ்ஸ்கேன், எனேபிள்_இண்டெக்ஸ்ஒன்லிஸ்கேன், எனேபிள்_பிட்மேப்ஸ்கேன் ஆகிய, இண்டெக்ஸைப் பயன்படுத்த விடும் மூன்று அமைப்புகளையும் அணைத்துவிட்டு அதே குவெரியை (தேடல் கட்டளையை) ஓட்டினேன். மூன்றையும் அணைப்பது முக்கியம். ஒன்றை மட்டும் அணைத்தால் திட்டமிடும் பகுதி இன்னொரு வழியில் அதே இண்டெக்ஸுக்குப் போய்விடும். எந்த வழியில் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டு, உண்மையிலேயே சீக்வென்ஷியல் ஸ்கேன்தானா என்று உறுதி செய்துகொண்டேன். 20-417 வந்து நின்றது. மூன்றையும் திரும்ப இயக்கினேன், பதிவு மறைந்தது. அணைத்தேன், வந்தது.

இரண்டு விடைகளில் எதை நம்புவது? சீக்வென்ஷியல் ஸ்கேனைத்தான். இரண்டு சொற்கள் ஒன்றா என்று பார்க்க, வழக்கமான கொலேஷன்களில் (சொற்களை வரிசைப்படுத்தும் விதித்தொகுப்புகளில்) போஸ்ட்கிரெஸ் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிறது. அதில் மொழி விதி எதற்கும் வேலையில்லை. எது முன், எது பின் என்ற கேள்வி எழும்போதுதான் மொழி விதி நுழைகிறது. இண்டெக்ஸ் முழுக்க முழுக்க அந்தக் கேள்வியின் மேல் கட்டப்பட்டது.

எண்ணிக்கை ஏன் எங்களை ஏமாற்றியது என்பதும் இங்கே விளங்கியது. டேபிளில் எல்லாப் பதிவுகளும் இருந்தன. இண்டெக்ஸிலும் எல்லாப் பதிவுகளுக்கும் உள்ளீடு இருந்தது. எந்த வழியில் எண்ணினாலும் ஒரே எண்தான் வரும். குறையாத ஒன்றை எண்ணி, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தோம்.

வரிசை மாறியது எங்கே

இண்டெக்ஸ் பழுது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் பழுதானது என்று தெரியாமல் அதை மறுபடி கட்டினால், அடுத்த முறை இதே இடத்தில் வந்து நிற்போம். புகார் வந்த குறியீடுகளை வரிசையாக எழுதிப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் சிறு கோடு இருந்தது: 20-417, 31-08. சரி, கோடுதான் சிக்கல் என்று நினைத்தபோதே 2001 என்ற கோடில்லாத குறியீடும் காணாமல்போன பட்டியலில் இருந்து குழப்பியது.

பழைய சர்வரை அணைக்காமல் வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. இரண்டு சர்வர்களிலும் வரிகளை வரிசைப்படுத்தும் லினக்ஸின் சார்ட் கட்டளைக்கு, தரவுத்தளத்தில் இருந்த அதே லொகேல் (மொழி, வட்டார) அமைப்போடு, 1-1, 11 என்ற இரண்டே வரிகளைக் கொடுத்தோம். பழைய சர்வர் 11-ஐ முதலிலும் 1-1-ஐ அடுத்தும் வைத்தது. புதிய சர்வர் 1-1-ஐ முதலில் வைத்தது. தரவுத்தளத்துக்கும் இந்தக் கட்டளைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வரிசை மாறியிருப்பது இயங்குதளத்தில்.

போஸ்ட்கிரெஸ் சொற்களை வரிசைப்படுத்தும் விதியைத் தானே வைத்துக்கொள்வதில்லை. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிடம்தான் கேட்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28-இல், வரிசைப்படுத்தும் விதிகள் ஐஎஸ்ஓ 14651 தரத்தின் 2016 பதிப்புக்கு ஏற்ப முழுசாக மாற்றப்பட்டன. டெபியன் 9-இல் இருப்பது 2.24, டெபியன் 11-இல் 2.31. அந்த எல்லைக்கோட்டை ஒரே தாவலில் தாண்டியிருந்தோம். ரெட்ஹேட் 7-இலிருந்து 8-க்கும், உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்கும் போகிறவர்கள் தாண்டுவதும் இதே கோட்டைத்தான்.

எங்கள் குறியீடுகளை வைத்தே பார்க்கலாம். பழைய விதியில் கோடு முதல் சுற்றில் கணக்கில் வராது. 20-417 என்பது 20417 போலவே மதிக்கப்படும், அதனால் 2001-க்குப் பின்னால் வரும். புதிய விதியில் கோட்டுக்கும் மதிப்பு உண்டு, அது எந்த இலக்கத்துக்கும் முந்தியது. மூன்றாவது எழுத்தில் கோடா, பூஜ்யமா என்று ஒப்பிட்டால் கோடு முந்திவிடும். அதனால் 20-417 இப்போது 2001-க்கு முன்னால்.

இண்டெக்ஸ் கோப்பு பழைய விதிப்படி அடுக்கப்பட்டது. அதில் ஒரு பிரிவுப் பலகையில் 2001 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20-417 அதற்கு வலப்பக்கம் அடுக்கப்பட்டிருக்கிறது. புதிய விதியோடு வருகிறவர் பலகையைப் பார்த்து, "20-417 இதைவிடச் சிறியது" என்று இடப்பக்கம் திரும்புகிறார். அங்கே அது இல்லை. "இல்லை" என்று திரும்பி வந்துவிடுகிறார். பி-ட்ரீயின் அழகே இதுதான், ஒவ்வொரு பலகையிலும் பாதி உலகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடும். ஒரே ஒரு பலகையில் தவறாகத் திரும்பினால் போதும், ஒதுக்கிய பாதியில்தான் தேடியது இருக்கும்.

2001 ஏன் காணாமல்போனது என்பதற்கும் இதே விடைதான். பலகையில் 20-417 இருந்து, தேடுவது 2001 என்றால், முன்பு இடப்பக்கம் போயிருக்க வேண்டியவர் இப்போது வலப்பக்கம் போகிறார். தேடும் சொல்லில் கோடு இருக்க வேண்டும் என்பதில்லை, வழியிலுள்ள பலகையில் இருந்தாலே போதும். கோடுள்ள குறியீடுகளை மட்டும் சரிபார்த்துவிட்டு வேலையை முடித்திருந்தால் பாதிச் சிக்கல் உள்ளேயே தங்கியிருக்கும்.

பிஜி_அப்கிரேட் ஏன் சொல்லவில்லை? அது இரண்டு பக்கமும் கொலேஷனின் பெயர் ஒன்றா என்று பார்க்கிறது. பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் விதி மாறியிருப்பது அதற்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸ் 15 முதல் தரவுத்தள மட்டத்தில் கொலேஷனின் பதிப்பு பதிந்து வைக்கப்படுகிறது, இயங்குதளம் மாறினால் இணையும்போதே எச்சரிக்கும். ஆனால் எங்களைப் போல 9.6-இலிருந்து நேராக 15-க்கு வந்திருந்தாலும் அந்த எச்சரிக்கை வந்திருக்காது. பழைய பக்கத்தில் பதிப்பு பதியப்படவே இல்லை, ஒப்பிட ஒன்றும் இல்லை.

சோதனைச் சூழலில் இது ஏன் தெரியவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். அங்கே தரவை டம்ப் வழியாக ஏற்றியிருந்தோம், இண்டெக்ஸ்கள் புதிய விதியிலேயே புதிதாகக் கட்டப்பட்டன. அதோடு டேபிள் மிகச் சிறியது. சிறிய டேபிளுக்குப் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் இண்டெக்ஸைத் தொடாமல் முழுசாக வாசித்துவிடும். உண்மையான முறையில், உண்மையான அளவில் ஒத்திகை பார்க்காதது எங்கள் பிழை.

லாகில் கிடந்த சாட்சி

காரணம் தெரிந்த பிறகு தரவுத்தளத்தின் நிகழ்வுக் குறிப்பான லாகைத் திறந்தால், முதல் நாள் முதல் மணி நேரத்திலிருந்தே அது கத்திக்கொண்டிருந்தது. ஆர்டர் டேபிள் பாகத்தின் குறியீட்டையே ஃபாரின் கீயாக (இன்னொரு டேபிளில் இருந்தே ஆக வேண்டிய சாவியாக) வைத்திருந்தது. புது ஆர்டர் போடும்போது, "அந்தச் சாவி பாகங்கள் டேபிளில் இல்லை" என்று சில ஆர்டர்கள் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஃபாரின் கீயைச் சரிபார்க்கும் உள் குவெரியும் அதே உடைந்த இண்டெக்ஸில்தான் தேடுகிறது. பயன்படுத்துகிறவர்கள் இரண்டு முறை முயன்றுவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். அந்தப் பிழைச் செய்தியை முதல் நாளே வாசித்திருந்தால் இந்தக் கதை பாதியாகக் குறைந்திருக்கும்.

அதைவிடக் கவலை தந்தது இன்னொன்று. பொருள் உள்ளே வரும்போது பயன்பாடு, "இந்தக் குறியீடு இருந்தால் இருப்பைக் கூட்டு, இல்லாவிட்டால் புதிதாகச் சேர்" என்று ஒரே கட்டளையில் செய்யும். ஒரே குறியீடு இரண்டு முறை வராமல் தடுக்க வேண்டிய யுனீக் இண்டெக்ஸ் "இல்லை" என்று சொன்னதால் புதிதாகச் சேர்த்துவிட்டது. ஒரே குறியீட்டில் இரண்டு பாகங்கள். யுனீக் என்று பெயர் வைத்த டேபிளுக்குள், எந்தப் பிழையும் காட்டாமல், இரட்டைப் பதிவுகள்.

இதுதான் இந்தப் பழுதின் உண்மையான ஆபத்து என்று நினைக்கிறேன். காணாமல்போனது திரும்பிவிடும், இண்டெக்ஸைக் கட்டினால் போதும். ஆனால் பழுதான நிலையில் எழுத விட்ட ஒவ்வொரு மணி நேரமும் புதிய தவறுகள் உண்மையான தரவாகவே உள்ளே போகின்றன. "காணோமென்றால் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று காலையில் எங்களில் ஒருவர் கிடங்குக்குச் சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அப்படிச் சேர்ந்தவையும் இதில் உண்டு. புகார் வந்த உடனே எழுதுவதை நிறுத்தியிருக்க வேண்டும், தேடல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரிசெய்த விதம்

மாலை ஆறு மணிக்குப் பயன்பாட்டை நிறுத்தினோம். தரவுத்தளத்தையும் நிறுத்தி, பழுதான நிலையிலேயே டேட்டா டைரக்டரிக்கு ஒரு முழு நகல் எடுத்தோம். சரிசெய்யும்போது தவறினால் திரும்பி நிற்க ஒரு படி வேண்டும்.

எந்த இண்டெக்ஸ்கள் பாதிக்கப்படும் என்று பட்டியலிட்டோம். எண், தேதி நெடுவரிசைகளுக்குக் கவலையில்லை. ஹேஷ் இண்டெக்ஸுக்கும் வரிசை தேவையில்லை. 'சி' கொலேஷனில் உள்ளவை பைட் வரிசையில் இருப்பதால் தப்பிக்கும். மீதி, எழுத்து நெடுவரிசைகளில் கட்டிய எல்லா பி-ட்ரீ இண்டெக்ஸ்களும் சந்தேகத்துக்குரியவை. அவற்றின் மேல், இண்டெக்ஸைச் சோதிக்கும் ஆம்செக் நீட்சியின் பிடி_இண்டெக்ஸ்_செக் செயல்கூற்றை ஓட்டினோம். குறியீட்டு இண்டெக்ஸில் வரிசை ஒழுங்கு மீறப்பட்டிருப்பதாக உடனே பிழை வந்தது, வேறு சிலவற்றிலும் வந்தது. சரியென்று வந்தவற்றையும் விடாமல் எல்லாவற்றையும் மறுபடி கட்டுவதென்று முடிவு செய்தோம். எழுத்து நெடுவரிசையை வைத்து டேபிளை ரேஞ்ச் முறையில் (இதிலிருந்து இதுவரை என்று) பார்ட்டிஷன்களாகப் பிரித்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி போக வேண்டும். அங்கே பதிவே தவறான பார்ட்டிஷனில் இருக்கக்கூடும், இண்டெக்ஸைக் கட்டுவதால் அது சரியாகாது. எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

இண்டெக்ஸை மறுபடி கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையை நேராக ஓட்ட முடியாது. இரட்டைப் பதிவுகள் இருக்கும்வரை யுனீக் இண்டெக்ஸைக் கட்ட முடியாது என்று அது நின்றுவிடும், நிற்பதுதான் சரியும்கூட. முதலில் இரட்டைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறியீட்டால் தொகுத்து, ஒன்றுக்கு மேல் இருப்பவற்றைக் கேட்கும் குவெரியும் வரிசைக்காக அதே உடைந்த இண்டெக்ஸைப் பயன்படுத்தலாம். அப்போது ஒரே குறியீட்டின் இரண்டு பதிவுகள் அடுத்தடுத்து வராமல், இரட்டை இல்லை என்றே விடை வரும். அந்த மூன்று அமைப்புகளையும் அணைத்த பிறகுதான் கேட்டோம். 31 ஜோடிகள் வந்தன.

அவற்றை ஒரே கட்டளையில் அழிக்கும் யோசனையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பதிவில் பல ஆண்டு வரலாறு இருக்கிறது, புதிய பதிவில் நேற்று வந்த சரக்கு இருக்கிறது. இரண்டுமே உண்மை. ஒவ்வொரு ஜோடிக்கும் பழைய பதிவின் எண் ஐடியை வைத்துக்கொண்டு, புதிய ஐடியைச் சுட்டிய இருப்புப் பதிவுகளைப் பழையதற்கு மாற்றினோம். இருப்பைக் கூட்டிவிட்டுப் புதியதை நீக்கினோம். ஆர்டர் டேபிளின் ஃபாரின் கீயை முதலிலேயே நீக்கிவைத்திருந்தோம். ஐந்து ஜோடிகளில் எண்களைப் பார்த்து எங்களால் தீர்மானிக்க முடியவில்லை. வந்த சரக்கைப் புதிதாகப் பதிந்தார்களா, முன்பே இருந்ததைத்தான் மறுபடி பதிந்தார்களா என்பது தரவில் தெரியாது. கிடங்கு ஊழியர் அந்த நேரத்திலும் வந்து, அலமாரியைத் திறந்து, எண்ணிச் சொன்னார்.

அப்புறம் ரீஇண்டெக்ஸ். போஸ்ட்கிரெஸ் 12 முதல் பயன்பாட்டை நிறுத்தாமலே கட்டும் கன்கரன்ட்லி வகை உண்டு. பயன்பாடு ஏற்கெனவே நின்றிருந்ததால் சாதாரண வகையே போதுமென்று விட்டோம், வேகமும் கூடுதல். முடிந்ததும் ஃபாரின் கீயை மறுபடி சேர்த்தோம். சேர்க்கும்போது இருக்கும் எல்லா ஆர்டர்களையும் அது சரிபார்க்கும், ஒன்றும் சிக்கவில்லை. கடைசியாக ஆம்செக்கை மறுபடி ஓட்டினோம், இந்த முறை டேபிளிலுள்ள ஒவ்வொரு பதிவும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பார்க்கும் ஹீப்ஆல்இண்டெக்ஸ்டு தெரிவோடு. சுத்தமாக முடிந்தது. 20-417 என்று முழுசாக அடித்தோம், வந்தது. நிராகரிக்கப்பட்ட ஆர்டர்களை லாகிலிருந்து எடுத்துப் பட்டியலிட்டு, மறுநாள் காலை உரியவர்களிடம் கொடுத்தோம்.

அதன் பிறகு மாற்றியவை

பாகக் குறியீடு போன்ற நெடுவரிசைகளை 'சி' கொலேஷனுக்கு மாற்றிவிட்டோம். குறியீடுகளுக்கு மொழி வரிசை தேவையே இல்லை. பெயர்களுக்கு அப்படிச் செய்ய முடியாது. தமிழ்ப் பெயர்களைப் பைட் வரிசையில் அடுக்கினால், யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து இருப்பதால் அது ப-வுக்கு முன்னால் வந்து நிற்கும், நம் நெடுங்கணக்கில் அதன் இடம் கடைசி. பெயர் நெடுவரிசைகளுக்கு, ஜிலிப்சிக்குப் பதிலாக ஐசியூ என்ற நூலகத்தின் கொலேஷனைப் பரிசீலிக்கிறோம். அதன் விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவைதான், ஆனால் போஸ்ட்கிரெஸ் 10 முதலே அதன் பதிப்பைப் பதிந்துவைத்து, மாறினால் சொல்கிறது.

கன்டெய்னர்களில் தரவுத்தளம் ஓட்டும் இன்னொரு குழுவிடமும் இதைச் சொன்னோம். போஸ்ட்கிரெஸ் பதிப்பு மாறாமல், அடிப்படை இமேஜ் (கன்டெய்னருக்குள் இருக்கும் இயங்குதளத் தொகுப்பு) மட்டும் மாறினாலும் இதே கதை நடக்கும். ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையில் ஜிலிப்சியே இல்லை, மஸ்ல் என்ற வேறு நூலகம் இருக்கிறது. அதில் ஓடிய டேட்டா வால்யூமை டெபியன் இமேஜில் இணைத்தால் வரிசை மாறிவிடும்.

எங்களிடம் டெபியன் 9-இல் இன்னும் ஒரு தரவுத்தளம் மிச்சம் இருக்கிறது. அதற்கு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (தரவுத்தளம் ஓடும்போதே மாற்றங்களைப் புதியதற்கு அனுப்பும் வசதி) உதவாது, அது போஸ்ட்கிரெஸ் 10-இல்தான் உள்ளமைந்த வசதியாக வந்தது, அங்கே ஓடுவதும் 9.6. டம்ப் எடுத்து ஏற்றுவதென்று முடிவு செய்திருக்கிறோம். இண்டெக்ஸ்கள் எல்லாம் புதிய சர்வரிலேயே பிறக்கும். இரண்டு இரவுகள் ஆகும் என்று எழுதிக் கொடுத்தோம், அதற்கு அனுமதியும் வாங்கிவிட்டோம்.